இரண்டாவது சரணம்

நண்டு கம்பெனியில் காலை ஷிப்டுக்கு
சூப்பர்வைசர் போடுகிற ஏழெட்டுப் பாட்டில் இது ஒன்று.
"பாதிச் சோற்றில் எழுந்தவனே
இலையை மூடாமல் போனவனே."
பல்லவி வரும்போது எங்கள் மேசையில்
பதினாலு கத்தியும் ஒரு நொடி நிற்கும்.
பிறகு ஓடு பிளக்கும்.

நம்புத்தாய்க்கு அது செத்தவனைப் பற்றிய பாட்டு.
அவள் புருஷன் தெக்கடலுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை.
கையுறையின் முதுகால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.
உடம்பை விட்டு ஆன்மா எழுந்து போவதுதான் அது
என்பார் சூப்பர்வைசர் இஞ்ஞாசி சார்.
பிலோமி இருக்கிறாளே, பாவி,
எவனோ பந்தியில் சண்டை போட்டிருக்கான் என்பாள்.

நான் வாய் திறப்பதில்லை.
எனக்கு அது மெல்வின் பாட்டு.

தடைக்காலம். விசைப்படகெல்லாம்
கோயில்வாடியில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன.
நாட்டுப்படகு கொண்டுவரும் நண்டில்தான் பிழைப்பு.
அந்த நேரம் பார்த்து ஐஸ் பிளாண்ட் கம்ப்ரஸர் படுத்துவிட்டது.
தூத்துக்குடியிலிருந்து வந்தான்.
பதினோரு நாள்.

கணக்கெழுதினால் ஒரு பக்கம் நிரம்பாது.
இரண்டு தரம் பஸ் ஏறிப் பாம்பன் பாலத்துக்குப் போனோம்.
ஒரு பாக்கெட் மக்ரூன் கொடுத்தான்,
பேச்சுவாக்கில் முக்கால்வாசியை அவனே தின்றான்.
ரயில் வந்தபோது கையைப் பிடித்தான்,
கடைசிப் பெட்டி போனதும் விட்டான்.
அம்மோனியா கசிந்தால்
முதலில் கண்தான் எரியும் என்றான்.
அதை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு
அன்றைக்கு இரவு முழுக்கத் தூங்கவில்லை.
அவன் சொன்னது அம்மோனியாவைத்தான்.

பன்னிரண்டாம் நாள் கம்ப்ரஸர் ஓடியது.
அவனும்.

அழுவதற்கு ஓர் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்,
தெக்கடல் பக்கம், தாழம்புதருக்குப் பின்னால்.
போய் உட்கார்ந்தேன்.
கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் இறைத்தது.
வந்த கண்ணீர் மணலுக்கே சரியாகப் போய்விட்டது.
ஒரு வாரம் கழித்து செல்லில் ஒரு ரோஜாப்பூ,
கீழே இனிய காலை வணக்கம்.
அதே ரோஜா பிலோமிக்கும் வந்திருந்தது,
இஞ்ஞாசி சாருக்கும்.

எட்டு மாதமாகக் கேட்கிறோம்,
இரண்டாவது சரணத்தை ஒருத்தியும் கேட்டதில்லை.
சரியாக அந்த இடத்தில்தான்
வெந்த நண்டைக் கூடையோடு மேசையில் கவிழ்ப்பார்கள்.
ஆவியும் சத்தமும் அடங்குவதற்குள் பாட்டு முடிந்திருக்கும்.
போன சனிக்கிழமை கரண்ட் போயிற்று.
ஃபேன், ப்ளோயர், கொதிகலன் எல்லாம் நின்றன.
சார்ஜ் இருந்த பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"உப்பு பத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா
நானும்தான் எழுந்திருப்பேன்
என் இலையிலும் பாதி கிடக்குதே."

யாரும் எதுவும் பேசவில்லை.
பிலோமிதான் முதலில் சிரித்தாள்,
இதுக்கா இம்புட்டு நாளா மூக்கைச் சிந்தினீங்க.
எனக்கும் சிரிப்பு வந்தது, நம்புத்தாய் முகத்தைப் பார்த்து அடக்கினேன்.
அவள் கத்தியைத் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள்.
"பல்லவி என்னோடது" என்றாள்.
"மீதியை நீங்க வச்சுக்கங்க."

என் பங்குக்கு வந்த நண்டு நல்ல பெரிசு.
உடைத்தால் உள்ளே வெறும் தண்ணீர்.
தோல் மாற்றிய வாரத்தில் பிடிபட்டால் அப்படித்தான் இருக்கும்,
நண்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை,
பிடித்தவனையும்தான்.
தண்ணி நண்டுக்கென்று இருக்கும் கூடையில் போட்டேன்.
அந்தப் பதினோரு நாளும்
நானும் அப்படித்தான் இருந்தேனோ என்னவோ.

கரண்ட் வந்தது.
அடுத்த பாட்டு ஏதோ கல்யாணப் பாட்டு,
பாதியிலிருந்து கேட்டது.